சுனைக்குள் சிரித்தவள்

மேகம் மலைமேல் படுத்துத் தூங்கிய அந்தப் பழைய காலத்தில், ஏழுகுன்ற நாட்டில் மலைக்கொடி என்றொருத்தி இருந்தாள். பாறையில் தொங்கித் தேன் எடுப்பவள். ஒருநாள் கயிறு அறுந்து விழுந்ததில் தலையில் பலத்த அடி.

நாற்பது நாள் படுத்துக் கிடந்து எழுந்தாள். நடக்கப் பழகினாள். ஆனால் பேசப் போனால் சொல் நழுவியது. சின்னச் சத்தத்துக்கும் கோபம் பொங்கியது. உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் எங்காவது ஓடத் தோன்றியது.

"முன்னே நீ இப்படி இல்லையே" என்றான் கணவன் வேம்பன். சாப்பிடும்போது சொன்னான், விறகு பிளக்கும்போது சொன்னான், அவள் அழும்போதும் சொன்னான்.

"அப்போ முன்னே இருந்தவளையே தேடிப் போறேன்" என்று மலைக்கொடி கிளம்பிவிட்டாள். நடந்தாள், நடந்தாள், மூன்று காடு தாண்டி நடந்தாள்.

அங்கே ஒரு சுனை. கரையெங்கும் குனிந்த மனிதர்களாய்க் கற்சிலைகள். நடுவில் கருங்காலன் என்ற மந்திரவாதி.

"குனிஞ்சு பாரு" என்றான்.

தண்ணீருக்குள் பழைய மலைக்கொடி சிரித்தபடி பாறை ஏறிக்கொண்டிருந்தாள்.

"வெளியே வருவாளா?"

"பார்த்துக்கிட்டே இரு, வருவா."

பார்த்தாள். முதல் நாள் பாதம் கல்லானது. இரண்டாம் நாள் முழங்கால். மூன்றாம் நாள் இடுப்பு.

அன்று வேம்பன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். "வா, வீட்டுக்குப் போகலாம்."

"உன் பெண்டாட்டி தண்ணிக்குள்ளே இருக்கா. அவளைக் கூட்டிட்டுப் போ" என்றாள் மலைக்கொடி.

வேம்பன் சுனையை எட்டிப் பார்த்தான். கண் கலங்கியது.

"அவ இல்லாதது எனக்கும் வலிக்குது. உன்னை இன்னும் சரியாத் தெரியலை. தெரிஞ்சுக்கிறேன், வா."

மலைக்கொடி தண்ணீரிடம் கேட்டாள்: "நீ விழுந்தது ஞாபகம் இருக்கா?" உருவம் சிரித்தது. "நடக்கப் பழகினது?" சிரித்தது. "இவர் பேரு வாயில வராம அழுதது?" அதற்கும் சிரித்தது.

"இவளுக்கு ஒண்ணுமே தெரியலை" என்றாள் மலைக்கொடி. "பாறை ஏறினதும் நான், விழுந்ததும் நான், எழுந்ததும் நான்."

இரண்டு கையாலும் தண்ணீரை ஓங்கி அறைந்தாள். உருவம் கலைந்தது. அவள் இடுப்புவரை ஏறியிருந்த கல் உதிர்ந்தது. சிலைகள் மூச்சு விட்டன. கருங்காலன் புகையாய்ப் போனான்.

எழுந்த மனிதர்கள் கால் தடுமாறினார்கள். "மெதுவா வைங்க, நடை வந்துடும்" என்று மலைக்கொடி முன்னே நடந்தாள். ஒவ்வொருவரையும் அவரவர் ஊரில் சேர்க்க ஒரு வருடம் ஆனது. போன ஊரெல்லாம் அவளை வாசலுக்கு வந்து வரவேற்றது.

கடைசி ஊரைத் தாண்டியதும், "அடுத்து எங்கே?" என்று வேம்பன் கேட்டான்.

அவளுக்குச் சொல் நழுவியது. அவன் எடுத்துக் கொடுக்கவில்லை, காத்திருந்தான்.

"வீட்டுக்கு" என்றாள்.