கரடிக்குட்டியும் பாதி தெரிஞ்ச கட்டமும்

ஒரு ஊர்ல ஒரு கரடிக்குட்டி இருந்துச்சு. தாயில்லாத குட்டி. சித்தி சொல்லச் சொல்ல நீ "ம்" போடணும், சரியா?

ம்.

காயம்பட்ட மிருகங்களைப் பார்த்துக்கிற காப்பகத்துல அது இருந்துச்சு. அங்க ஆபீஸ்ல ரெஜினா அக்கா, சோறு வைக்கிறவரு பெருமாள்சாமி அண்ணன். ஒருநாள் குட்டிக்கு வயிறு சரியில்ல. "ங்ஈ... ங்ஈ..."ன்னு முனகுது. டாக்டர் என்ன குடுக்கணும்னு கம்ப்யூட்டர்ல கட்டம் போட்டு எழுதி வச்சுட்டு, இன்னொரு கரடியைப் பார்க்கக் காட்டுக்குள்ள போயிட்டாரு. போன் போட்டா எடுக்கல.

அப்போ ரெஜினா அக்கா அதைத் திறந்து பார்த்தா, கரடிக்குட்டிக்கு நேரா "பால்"னு இருக்கு. எவ்வளவுங்கிற கட்டத்துல ####.

"என்னம்மா இது, கம்பி வேலி மாதிரி?"ன்னாரு அண்ணன்.

"எனக்கும் புரியலண்ணே."

கட்டம் ஒடுங்கியிருக்கோன்னு மேல ஓரத்துல இருந்த கோட்டை மவுஸால பிடிச்சு இழுத்தா. சர்ர்ர்! தப்புப் பக்கம் போயி, கட்டமே காணோம்! அப்புறம் திருப்பி இழுத்தா. விர்ர்ர்! கட்டம் அகலமாகி, மத்ததையெல்லாம் வெளிய தள்ளிடுச்சு. மூணாவது தடவை அந்தக் கோட்டு மேலேயே டக் டக்னு ரெண்டு தட்டு தட்டினா. கட்டம் அளவா நின்னுச்சு. 150!

ம்...

"பால் நூத்தம்பது மில்லி!"ன்னு அண்ணன் புட்டியை எடுத்துக்கிட்டு தடதடன்னு ஓடினாரு.

அக்காவுக்கு மட்டும் குழப்பம். வயித்துவலிக்குப் பாலா? உத்துப் பார்த்தா. "பால்"க்குக் கீழ ஏதோ எறும்பு ஊர்ற மாதிரி கறுப்பா, பாதி பாதியா தெரியுது. இந்தத் தடவை ஓரத்துல, அந்த வரிசையோட அடிக்கோட்டைப் பிடிச்சுக் கீழ இழுத்தா. வரிசை உயரமாச்சு.

"பால் வேண்டாம். கஞ்சித்தண்ணி மட்டும்."

"அண்ணே! குடுக்காதீங்க!" செருப்பைக்கூடப் போடாம ஓடினா. அங்க புட்டி வாய்கிட்ட போயிடுச்சு. குட்டி நாக்கை நீட்டிடுச்சு. அண்ணன் வெடுக்குனு கையை இழுத்துக்கிட்டாரு.

அப்புறம் கஞ்சித்தண்ணி வந்துச்சு. சளப் சளப்னு குடிச்சிட்டு, குட்டி அக்கா மடியிலேயே சுருண்டுச்சு.

அண்ணன் மெதுவா ஆபீசுக்குப் போனாரு. "அந்த 'வேண்டாம்' இவ்வளவு நேரம் எங்க போயிருந்துச்சு?"ன்னு கேட்டுக்கிட்டே, கம்ப்யூட்டருக்குப் பின்னாடி போயி எட்டிப் பார்த்தாரு.

ம்... 

குட்டியும் படுத்தாச்சு, கதையும் படுத்தாச்சு. கண்ணை மூடுடா தங்கம்.