தையல்சிட்டுக்குக் குரல் பெருத்த கதை

விலங்கும் பறவையும் ஊர்வனவும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மலையடிவாரத்து ஓடைக்கரையில் ஒரு பழக்கம் இருந்தது. பொழுது விடிந்ததும் எல்லோரும் அவரவர் இரையைத் தேடித் தின்பார்கள். பிறகு ஓடைக்கு வந்து தண்ணீர் குடிப்பார்கள். அந்தக் கரையில் மட்டும் எவரும் எவர்மேலும் வாய் வைக்கக் கூடாது. அதனால் மானும் செந்நாயும்கூட அங்கே பக்கத்தில் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கும்.

நெடியான் என்ற மலைப்பாம்பும் அப்போது தினமும் காலையில் தின்றுகொண்டுதான் இருந்தான். எலியோ தவளையோ, விடிந்ததும் ஒன்றை விழுங்கிவிடுவான். ஆனால் அவனுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. நேற்றைய இரை கரையுமுன்னே இன்றைய இரை உள்ளே போனது. வயிறு கல்லாகக் கிடந்தது. ஊர்ந்து ஓடைக்கு வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். "நான் இன்னும் ரொம்ப நாள் இருக்கமாட்டேன்" என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஒரு மழைக்காலத்தில் அவன் குகைக்குள் படுத்திருந்தபோது மண் சரிந்து, ஒரு பாறை உருண்டு வந்து வாசலை அடைத்துவிட்டது. நாற்பது நாள் உள்ளேயே கிடந்தான். தண்ணீர் மட்டும் பாறை இடுக்கில் சொட்டியது. செத்துவிட்டான் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அடுத்த பெருமழையில் பாறை நகர்ந்தது. வெளியே வந்த நெடியானை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பழைய தோலை உள்ளேயே உரித்துப் போட்டுவிட்டு, எண்ணெய் தடவியதுபோல் மினுமினுவென்று வந்தான். அன்று எல்லோருக்கும் முன்னால் ஓடைக்கு வந்து சேர்ந்தவன் அவன்தான்.

"நம்மளைக் கொல்றது பட்டினி இல்லைங்க, தீனிதான்" என்றான் நெடியான். "காலையில திங்கிறதை விட்டுப் பாருங்க. உடம்பு காத்தாட்டம் ஆயிரும்."

அவன் பொய் சொல்லவில்லை. தன் உடம்பில் கண்டதைத்தான் சொன்னான்.

முதலில் கேட்டவன் முண்டன் என்ற கரடி. மரம் ஏற முடியாத அளவுக்குப் பெருத்து, நாலடி நடந்தால் மூச்சு வாங்கி நின்றுகொண்டிருந்தவன். காலை இரையை விட்டான். ஒரு மாதத்தில் வயிறு வற்றி, பழையபடி தேன்கூட்டுக்கு மரம் ஏறத் தொடங்கினான். அடுத்து உடும்பு விட்டது. அதற்கும் நல்லதாகவே இருந்தது. பிறகு ஒவ்வொருவராக விட்டார்கள். ஓடைக்கரையில் இருந்த அத்திமரத்தின் உச்சிக்கு நேர்மேலே சூரியன் வரும்வரை வாயில் எதையும் வைக்கக் கூடாது என்று பேசி வைத்துக்கொண்டார்கள். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் காலையில் தின்றுவிட்டு வந்தவரைப் பார்த்து முண்டன் சிரிப்பான். "வாங்க வாங்க, விடியறதுக்குள்ள அலகைத் துடைச்சாச்சா?" என்பான். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே பாதிப்பேர் விட்டார்கள்.

அந்தக் காட்டிலேயே சின்ன உடம்பும் சின்னக் குரலும் உடையவள் இணுக்கி என்ற தையல்சிட்டு. அவள் பேசுவது பக்கத்துக் கிளைக்குக் கேட்காது. அவளும் அவள் கணவன் செம்பனும் ஓடைக்கரைத் தேக்கங்கன்றில் ஓர் இலையைச் சுருட்டி, ஓரத்தில் பஞ்சு நூலால் தைத்து, அதற்குள் கூடு வைத்திருந்தார்கள். கூட்டில் மூன்று குஞ்சுகள். முட்டையை விட்டு வந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. மழை விடாத மாதம். விடியற்காலைக் குளிர் எலும்பில் ஏறும்.

செம்பனுக்கு ஒரு குறை. இவ்வளவு சிறிய உடம்போடு பிறந்துவிட்டோமே என்று. கரடியும் பாம்பும் உட்காரும் கூட்டத்தில் தனக்கும் ஓர் இடம் வேண்டும் என்று அவனுக்கு ஆசை. "நாளையிலேர்ந்து நாமளும் விட்டுரலாம்" என்றான்.

"நம்மளுக்கு அது ஆகாதுங்க" என்றாள் இணுக்கி. "ராத்திரி பூரா குஞ்சுகளுக்குச் சூடு குடுத்துட்டு எந்திரிச்சா, எனக்கு விடியறப்பவே கண்ணு இருட்டுது."

"வா, நெடியண்ணன்கிட்டயே கேட்டுருவோம்."

இருவரும் போனார்கள். மழை விட்ட இடைவெளியில் நெடியான் பாறைமேல் சுருண்டு இளவெயில் காய்ந்துகொண்டிருந்தான். இணுக்கி அவன் காதருகே போய்ச் சொன்னாள்.

"அண்ணே, எனக்குக் காலையில சிறகெல்லாம் நடுங்குது. கொஞ்சம் தாமதமானாலும் பறக்க முடியலை. நான் எப்படி விடறது?"

"முதல் மூணு நாள் அப்படித்தான் இருக்கும் தங்கச்சி" என்றான் நெடியான், மிகவும் கனிவாக. "அது பசி இல்லை. பழக்கம். மூணு நாள் தாக்குப் பிடிச்சிட்டா அப்புறம் உடம்பு கேக்காது."

"நீங்க கடைசியாத் தின்னு எத்தனை நாளாச்சு?"

"பத்தொன்பது நாள். எப்படி இருக்கேன்னு நீயே பாரு."

அவன் உண்மையிலேயே நன்றாக இருந்தான். இணுக்கி சற்றுத் தயங்கிவிட்டுக் கேட்டாள்: "குஞ்சுங்களுக்கு?"

நெடியான் கொஞ்சம் யோசித்தான். அவன் குஞ்சு வளர்த்தவனில்லை. அவன் இனத்தில் முட்டையை உடைத்துக்கொண்டு வந்த குட்டி அன்றே தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விடும். தெரியாது என்று அவன் சொல்லியிருக்கலாம். ஆனால் கொஞ்ச நாளாக அவனிடம் கேட்டவர் எல்லோருக்கும் அவன் ஏதாவது ஒரு பதில் சொல்லிக்கொண்டே இருந்தான்.

"சின்னதுலயே பழகிட்டா நல்லதுதானே" என்றான்.

மறுநாள் விடிந்தது. குஞ்சுகள் மூன்றும் வாயைப் பிளந்துகொண்டு கத்தின. இணுக்கியால் பொறுக்க முடியவில்லை. கூட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பச்சைப்புழு நெளிந்துகொண்டிருந்தது. அதைக் கவ்விக்கொண்டு கூட்டின் வாயில் வந்து நின்றாள்.

"மூணே மூணு நாள்" என்றான் செம்பன். "எல்லாரும் தின்னாம இருக்காங்க, நம்மளால மட்டும் முடியாதா? அண்ணன் எத்தனை உசிரைக் காப்பாத்தியிருக்காரு. அவரு நம்மளுக்குக் கெடுதல் சொல்வாரா?"

குஞ்சுகள் அந்தப் புழுவைப் பார்த்துவிட்டு இன்னும் பலமாகக் கத்தின. இணுக்கி செம்பனைப் பார்த்தாள். பிறகு அலகைத் திறந்தாள். புழு கீழே விழுந்து சருகுக்குள் போனது.

அன்று அத்திமரத்து உச்சிக்கு வெயில் வந்ததும் இருவரும் ஓடி ஓடிப் பொறுக்கி ஊட்டினார்கள். குஞ்சுகள் தின்றன. "பார்த்தியா, ஒண்ணும் ஆகலையே" என்றான் செம்பன். ஆனால் அரைநாளில் எவ்வளவுதான் ஊட்ட முடியும்? பொழுது சாய்ந்தபோது குஞ்சுகளின் தொண்டைப்பை பாதிதான் நிறைந்திருந்தது. அதோடு மழையும் பிடித்துக்கொண்டது.

இரண்டாம் நாள் காலையில் குஞ்சுகள் கத்தவில்லை. வாயைத் திறந்தன, மூடின. தலையை ஒன்றின்மேல் ஒன்று சாய்த்துக்கொண்டு கிடந்தன.

செம்பன் கூட்டுக்குள் எட்டிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது. "சத்தமே இல்லை பாரு! அண்ணன் சொன்னாப்புலயே பழகிருச்சுங்க. மூணு நாள்கூட ஆகலை."

இணுக்கிக்கும் வாயைத் திறக்க வலு இல்லை. அவள் தலைக்குள் ஏதோ சுற்றிக்கொண்டிருந்தது. அப்படித்தான் இருக்கும்போல என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். அன்று மேகம் கலையவே இல்லை. அத்திமரத்து உச்சிக்கு வெயில் எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. செம்பன் ஓடைக்கரைக்குப் போய் முண்டனைக் கேட்டுவிட்டு வருவதற்குள் முக்கால்வாசிப் பகல் போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் கொண்டுபோன புழுவை ஒரு குஞ்சு மட்டும்தான் விழுங்கியது. மற்ற இரண்டும் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் விடியும்போது மூன்றுமே விறைத்துக் கிடந்தன. இணுக்கி அவற்றின்மேல் உட்கார்ந்து, சிறகைப் பரப்பி மூடினாள். தன்னிடம் சூடு இல்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அலகால் ஒவ்வொன்றின் தலையையும் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். தூக்கியதும் விழுந்தது. செம்பன் பக்கத்துக் கிளையில் நின்றுகொண்டு, "கொஞ்சம் வெயில் வந்துச்சுன்னா..." என்று தொடங்கினான். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

இணுக்கி ஓடைக்கரைக்குப் பறந்தாள். நேராகப் பறக்க முடியாமல் மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து போனாள். அங்கே எல்லோரும் கூடியிருந்தார்கள். நடுவில் முண்டன் நின்றுகொண்டு, தான் நேற்று எவ்வளவு உயரமான மரம் ஏறினான் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"என் குஞ்சுங்க செத்துப்போச்சு" என்றாள் இணுக்கி.

யாருக்கும் கேட்கவில்லை. முண்டன் தன் கதையில் மரத்தின் பாதி உயரத்துக்கு வந்திருந்தான்.

"என் குஞ்சுங்க செத்துப்போச்சு" என்று மறுபடி சொன்னாள். ஒரு முயல் மட்டும் அவளைத் திரும்பிப் பார்த்தது. முண்டன் உச்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போது இணுக்கி கத்தினாள். அவளுடைய உடம்பு முழுவதும் தொண்டைக்குள் போய்விட்டதுபோல இருந்தது அந்தச் சத்தம். தொண்டைக்குள் ஏதோ கிழிந்தது. அவள் நிறுத்தவில்லை. ஓடையின் அக்கரையில் மேய்ந்துகொண்டிருந்த கடமான் மிரண்டு ஓடியது. முண்டன் பேச்சை நிறுத்திவிட்டு, எங்கிருந்து இந்தச் சத்தம் வருகிறது என்று கழுத்தை உயர்த்தித் தேடினான்.

"மூணும் செத்துப்போச்சு!" என்று கத்தினாள் இணுக்கி. "வாயைத் திறந்து கேட்டுச்சுங்க. குடுக்காம இருந்துட்டேன்!"

முண்டன், "மழை ரொம்ப ஜாஸ்தி இல்லையா இந்த வருசம்" என்றான். "குளிர்லகூட இருக்கலாம்மா. நமக்கு நிச்சயமாத் தெரியாது."

முயல் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னது: "நான் விடியுமுன்னே பொதருக்குள்ள தின்னுட்டுத்தான் வருவேன்."

"நானும்தான்" என்றது ஒரு தவிட்டுக்குருவி. "எல்லாரும் அப்படித்தான்னு நெனச்சேன்."

இணுக்கி ஒவ்வொருவராகப் பார்த்தாள். பலர் வேறு பக்கம் பார்த்தார்கள். ஓர் அணில் யாருக்கும் தெரியாமல் மீசையைத் துடைத்துக்கொண்டது.

நெடியான் பாறையிலிருந்து தலையைத் தூக்கினான். "தங்கச்சி, நான் பொய் சொல்லலை" என்றான்.

"தெரியும்ணே" என்றாள் அவள். "பொய் சொல்லியிருந்தா நான் நம்பியிருக்கவே மாட்டேன்."

"எனக்கு அது நல்லது பண்ணுச்சு."

"உங்க உடம்பு சொன்னதை ஊருக்கே சொன்னீங்க. என் உடம்பு சொன்னதை உங்க காதுக்குள்ள வந்து சொன்னேன். அது பசி இல்லைன்னீங்க."

நெடியான் பதில் சொல்ல வாய் திறந்தான். எல்லோரும் அவன் என்ன சொல்லப்போகிறான் என்று காத்திருந்தார்கள். இத்தனை நாளும் கேட்டவர்களுக்கெல்லாம் பதில் வைத்திருந்தவனுக்கு அன்று ஒன்றும் வரவில்லை. வெறும் காற்றுத்தான் வந்தது. வாயை மூடிக்கொண்டு பாறையைவிட்டு இறங்கிப் போனான்.

மறுநாள் அவன் தேக்கங்கன்றுக்கு ஊர்ந்து வந்தான். எதற்கு வந்தான் என்று யாருக்கும் தெரியாது. மன்னிப்புக் கேட்க வந்திருக்கலாம். கூட்டைப் பார்த்துவிட்டுப் போக வந்திருக்கலாம். அவனைக் கண்டதும் இணுக்கி கத்தத் தொடங்கினாள். அந்தச் சத்தத்துக்குக் கொண்டைக்குருவிகள் வந்தன, தவிட்டுக்குருவிகள் வந்தன. முந்தின நாள் தலைகுனிந்து நின்றவை எல்லாம் அவனைச் சுற்றிக்கொண்டு கத்தின. அவன் தலையைச் சுருளுக்குள் புதைத்துக்கொண்டு நெடுநேரம் அப்படியே கிடந்தான். பிறகு மலைக்கு மேலே போய்விட்டான். அதன்பின் ஓடைக்கரைக் கூட்டத்துக்கு அவன் வரவில்லை. யாரிடமும் ஒரு சொல்லும் பேசவில்லை.

முண்டன் காலை இரையைக் கடைசிவரை தொடவில்லை. நன்றாகத்தான் இருந்தான். கிழவனான பிறகும் மரம் ஏறினான். "நெடியான் சொன்னது சரியான விஷயம். அந்தக் குருவி விவகாரத்துலதான் அவன் பேரு கெட்டுப்போச்சு" என்று கேட்டவரிடமெல்லாம் சொன்னான்.

செம்பன் ஒரு நாள் இருட்டோடு எழுந்து போய், ஒரு பெரிய பச்சைப்புழுவைப் பிடித்துக் கொண்டுவந்து இணுக்கியின் முன்னால் வைத்தான். "நானும் பசியோடதான் இருந்தேன், இணுக்கி" என்றான்.

"இருந்திருப்பீங்க" என்றாள் அவள். புழுவைத் தின்றாள். அவனைப் பார்க்கவில்லை.

அடுத்த பருவத்தில் அவர்கள் வேறொரு இலையைத் தைத்தார்கள். மூன்று முட்டைகள் வைத்தார்கள். அந்தக் குஞ்சுகள் பிழைத்தன. ஆனால் இணுக்கியின் தொண்டை ஆறவில்லை. மெதுவாகப் பேச நினைத்தாலும் அவளுக்குக் கத்தல்தான் வந்தது. அவளுடைய குஞ்சுகளுக்கும் தாயின் பழைய குரல் எப்படி இருந்தது என்று தெரியாமலே போயிற்று. அவையும் அப்படியே கத்தப் பழகின.

அன்றிலிருந்துதான், ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும் தையல்சிட்டு கிழக்கு வெளுக்கும் முன்னே எழுந்து, காதைப் பிளக்கும் குரலில் கத்திக்கொண்டே இரை தேடிப் போகிறது. பாம்பைக் கண்ட இடத்தில் நிற்காமல் கத்தி மற்றக் குருவிகளையும் கூட்டுகிறது. மாதக்கணக்கில் தின்னாமல் சுகமாகக் கிடக்கும் மலைப்பாம்போ, அந்தச் சிட்டு எத்தனை கத்தினாலும் வாய் திறந்து ஒரு பதிலும் சொல்வதில்லை.