கத்திரி வெயிலில் பூத்த இரண்டு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜ்யம் இருந்தது. பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், நமக்கெதற்கு வம்பு? அங்கே உலகநாதன் என்றொரு விகடகவி. பேர்தான் உலகநாதன்; வீட்டுக்குப் போனால் "வந்தாயா?" என்று கேட்க ஒரு பூனைகூடக் கிடையாது. சபையில் எழும் சிரிப்புதான் அவனுக்குப் பெண்டாட்டி, பிள்ளை, சுற்றம் எல்லாம்.

இது மந்திரி திருமலையப்பருக்குத் தெரியும். அடுத்தவனுக்கு எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரிந்துவைத்திருப்பதில் அவர் மகா கெட்டிக்காரர்.

ஒரு பங்குனிக் கடைசியில் அரசருக்கு ஆசை வந்தது: ஊருக்கு வெளியே தரிசாகக் கிடக்கும் அரண்மனைத் தோட்டம் கத்திரி வெயிலிலும் பூக்க வேண்டும்.

"அரசே, வாயாலேயே மாலை தொடுப்பவர் நம் உலகநாதர். அவர் கையிலும் கொஞ்சம் மண் படட்டுமே" என்றார் மந்திரி.

"நல்ல யோசனை! உலகநாதா, என்ன பூ என்று நான் கேட்க மாட்டேன். தோட்டத்தில் பூத்தது என்று ஓலை வரட்டும், நானே வந்து பார்க்கிறேன். அதுவரை நீ ஊருக்குள் கால் வைக்கக் கூடாது."

கன்று அனுப்பும் பொறுப்பை மந்திரி தாமாகவே கேட்டு வாங்கிக்கொண்டார். மல்லிகை அனுப்பியிருந்தால் சித்திரையில் கொட்டிக் குவித்திருக்கும். கதையும் இங்கேயே முடிந்திருக்கும். வந்து இறங்கியதோ அத்தனையும் செவ்வந்தி. பனி விழாமல் மொட்டு வைக்காத செடி. மார்கழிக்கு முழுசாக எட்டு மாதம்!

போதாததற்கு, சோறு கொண்டுவரும் காவலனுக்கு ஒரு தனிக் கட்டளை: சிரிக்கக் கூடாது. முதல் நாள் உலகநாதன் சொன்னதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு ஓடினான், பாவம். மறுநாள் முதல் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு வந்தான்.

உலகநாதன் கிணற்றுக்குள் குனிந்து விகடம் சொல்லிப் பார்த்தான். கிணறு சொன்னதையே திருப்பிச் சொன்னது. அதற்குச் சிரிக்கத் தெரியவில்லை. காலையும் மாலையும் செடிக்குத் தண்ணீர். நடுவில் வாசலில் நின்று பாதையைப் பார்ப்பான். புழுதி எழும்பினால் அரசரின் பல்லக்கோ என்று எட்டிப் பார்ப்பான், ஆடுகள் போகும். அந்த ஆடுகளையும் நிறுத்தி நலம் விசாரித்தான் என்று கேள்வி.

நாற்பதாம் நாள், காலிச் சோற்றுப் பானைக்குள் ஓர் ஓலையைப் போட்டு அனுப்பினான்: "தோட்டத்தில் இரண்டு பூத்துவிட்டன."

அரசர் பல்லக்கில் வந்தார். பின்னாலேயே இன்னொரு பல்லக்கில் மந்திரி, வேடிக்கை பார்க்கும் முகத்தோடு. பாத்தி பாத்தியாக இலை; ஒரு மொட்டு இல்லை.

"எங்கே அந்த இரண்டு?"

"இதோ, அரசே" என்று உலகநாதன் தன் கண்களைத் தொட்டுக் காட்டினான். "தாங்கள் வரும் வழியைப் பார்த்துப் பார்த்து இரண்டும் பூத்துப்போயின."

"மோசடி!" என்று குதித்தார் மந்திரி. "கண் பூத்தால் அது பூவா, ஓய்?"

"தங்கள் மகன் வெளியூர் போய்த் திரும்பாவிட்டால் வீட்டு அம்மாள் என்ன சொல்வார், மந்திரியாரே? கண் காய்த்துப்போச்சு என்றா? அதுவும் போகட்டும். என்ன பூ என்று கேட்க மாட்டேன் என்பது அரசர் வாக்கு. கேட்கத் தாங்கள் யார்?"

அரசர் சிரித்த சிரிப்பில் தோட்டத்துக் காக்கைகள் அத்தனையும் பறந்தன. எதற்கென்று காதில் விழாமலே காவலனும் சிரித்தான். உலகநாதன் மட்டும் சிரிக்கவில்லை. தாகத்தில் தண்ணீர் குடிப்பவனைப் போல நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அரசர் தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். "வா, என்னோடு பல்லக்கில் ஏறு."

"நடந்தே போவோமே, அரசே. பல்லக்கில் ஏறினால் ஊர் சட்டென்று வந்துவிடும். எனக்கு நாற்பது நாள் பேச்சு பாக்கி இருக்கிறது."

அரசர் நடந்தார். அரசர் நடக்கும்போது மந்திரி ஏறலாமா? உச்சி வெயிலில், இரண்டு வெறும் பல்லக்குகளுக்குப் பின்னால், திருமலையப்பரும் நடந்தார். முன்னால் இரண்டு பேர் சிரிக்கும் சத்தம் அவருக்கு நன்றாகக் கேட்டது, எதற்கென்றுதான் தெரியவில்லை.