இடது கையில் ஊசி

லில்லி புஷ்பத்தின் விரலுக்குத் தப்பிய நரம்பு அந்த ஆஸ்பத்திரியில் கிடையாது. காய்ச்சலில் வற்றிப்போன கையானாலும் சரி, ஒரு தடவு தடவுவார், ஊசி உள்ளே இருக்கும். ஊசி போட்டாச்சா என்று நோயாளி கேட்கும்போது அவர் அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பார். பெரிய டாக்டர்களே, "லில்லி சிஸ்டரைக் கூப்பிடுங்க" என்று ஆள் அனுப்புவார்கள்.

அப்படிப்பட்டவரைத்தான் அங்கிருந்த நர்சிங் கல்லூரிக்கு ஆசிரியையாக மாற்றினார்கள். பதவி உயர்வு என்று கேக் வெட்டினார்கள். கேக்கை வாயில் வைத்ததும் லில்லிக்கு அழுகை முட்டியது.

கல்லூரியில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடப்பார். எதிர் வார்டில் யாராவது முனகினால் பாடத்தைப் பாதியில் நிறுத்திக் காது கொடுப்பார். பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கும் கைகளில்கூட அவர் கண் நரம்பைத்தான் தேடும்.

ஒருநாள் காலையில், மாணவிகளின் வார்டுப் பயிற்சி முடிந்ததும், முதல்வர் செண்பகவல்லியின் அறைக்குள் நுழைந்தார். செண்பகவல்லி இவரைவிட வயதில் இளையவர். அந்த உறுத்தலும் லில்லிக்குக் கொஞ்சம் உண்டு.

"என்னைப் பழையபடி வார்டுக்கே அனுப்பிருங்க மேடம்."

"என்ன நடந்துச்சுக்கா?"

"நம்ம கிளாஸ் பிள்ளை இசக்கி ஒரு பெரியவருக்கு ட்ரிப்ஸ் ஊசி போடப் போனா. கை கிடந்து நடுங்குது. பாத்துக்கிட்டு நிக்க முடியுமா? வாங்கி நானே போட்டுட்டேன்."

"நேத்து?"

"நேத்தும்தான்."

"அவ என்ன சொல்லுதா?"

"எனக்கு இந்தப் படிப்பே வராது, ஊருக்குப் போறேன்னு சொல்லுதா. பயிற்சி அறையில உக்காந்து அழுதுக்கிட்டு இருக்கா." லில்லியின் குரல் இறங்கியது. "எப்படிப் போடணும்னு கேட்டா மேடம். எனக்குச் சொல்லத் தெரியல. கைக்குத் தெரியுது, வாய்க்கு வர மாட்டேங்குது. என்னை வச்சு இங்க என்ன பிரயோஜனம்?"

செண்பகவல்லி எழுந்து பயிற்சி அறைக்கு நடந்தார். லில்லி பின்னாலேயே போனார்.

மேசை நிறைய ரப்பர் கைகள். நடுவில் உட்கார்ந்திருந்த இசக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். செண்பகவல்லி ரப்பர் கைகளை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தன் கையை நீட்டி வைத்தார்.

"எனக்கு ஊசி போடுங்கக்கா."

இங்கே வந்த பிறகு லில்லி சந்தோஷப்பட்டது அப்போதுதான். கையைக் கழுவி, கிளவுஸ் மாட்டி, பட்டையைக் கட்டி, ஸ்பிரிட் தடவி ஊசியை எடுத்தார்.

"அந்தக் கையால வேண்டாம். இடது கையால."

லில்லி சிரித்தார். செண்பகவல்லி சிரிக்கவில்லை.

ஊசி இடது கைக்கு மாறியது. மாறியதுமே முனை ஆடத் தொடங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் எத்தனை பிள்ளைகளின் நடுக்கத்தைப் பார்த்து அவர் உச்சுக் கொட்டியிருப்பார்! முதல் குத்து நரம்பை விட்டு விலகிப் போனது. அந்த இடம் லேசாக வீங்கியது.

"ஐயோ மேடம், வலிக்குதா?"

"வலிக்குது. வேற ஊசி எடுங்க." பஞ்சை வைத்துக் கட்டிக்கொண்டு செண்பகவல்லி மறு கையை நீட்டினார். பட்டை அந்தக் கைக்கு மாறியது.

லில்லிக்கு நெற்றி வேர்த்தது. அவமானமாக இருந்தது. யாராவது வந்து இந்த ஊசியை வாங்கிக்கொண்டால் தேவலை என்றும் இருந்தது. யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

தன்னை அறியாமல் அவர் வாய் இடது கையிடம் முணுமுணுத்தது.

"அவசரப்படாத. கண்ணால தேடாத, விரலால தேடு. அமுக்கினா திருப்பி எழும்பும் பாரு, அதான். தோலைக் கீழ இழுத்துப் பிடி. உருண்டு ஓடப் பாக்கும், விட்டுராத. ஊசியைச் சாய்ச்சுப் பிடி... இன்னும் கொஞ்சம் சாய். ஆங், இப்பப் போ. மெதுவா."

ஊசியின் அடியில் ரத்தம் தெரிந்தது; நரம்பு அகப்பட்டுவிட்டது.

லில்லி நிமிர்ந்தார். இசக்கி மேசையை ஒட்டி வந்து நின்றிருந்தாள். அவள் அழுகை நின்றிருந்தது. 'இன்னும் கொஞ்சம் சாய், இப்பப் போ' என்று உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

பட்டையை அவிழ்த்து, ஊசியை உருவி, பஞ்சை வைத்து அமுக்கினார் லில்லி. பாதிக் கோபத்தோடு கேட்டார்.

"சரி மேடம். நாளைக்கு வார்டுல இவ கை நடுங்கும். என் வலது கை சும்மா இருக்காதே. அதை நான் என்ன செய்யட்டும்?"

"இவ்வளவு நேரம் அது என்ன செஞ்சுக்கிட்டு இருந்துச்சு?"

லில்லி குனிந்து பார்த்தார். இடது கை பஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தது. வலது கை, செண்பகவல்லியின் கையைக் கீழிருந்து இன்னும் தாங்கிப் பிடித்திருந்தது.

"இடது கை அந்த நடுக்கம் நடுங்குச்சு" என்றார் செண்பகவல்லி. "பக்கத்துலயே இருந்தும், வலது கை ஊசியைப் பிடுங்கலையேக்கா."