பூவாத்தாவின் எலுமிச்சை அடுப்பு

பூவாத்தா என்ற கரடிக்குக் காலையிலேயே வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. எல்லாம் சிங்காரி என்ற கீரி வாங்கி வந்த புது அடுப்பால்தான்!

கோடை முடிவதற்குள் இருவரும் மலையேறுவதாக இருந்தார்கள். உச்சியில் ஓர் இரவு தங்கி, மறுநாள் அந்தப் பக்கம் இறங்கினால் பலாக்காடு. மழை விழுந்துவிட்டால் அடுத்த கோடைவரை பாதை கிடையாது. பூவாத்தாவின் இரண்டு குட்டிகளும் பலாச்சுளையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இந்த வருஷமாவது ஆசை தீர ஊட்டிவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரே தவிப்பு.

சிங்காரியின் கேஸ் அடுப்பு உள்ளங்கைக்குள் அடங்கியது. "அடடா, கனமே இல்லையே!" என்றது முயல். மான் முகர்ந்து முகர்ந்து பார்த்தது. பூவாத்தாவின் பம்ப் ஸ்டவ்வை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"துக்குணியூண்டு அடுப்பு, அதுக்கு இந்தப் பவுசா!" என்று பொருமினாள் பூவாத்தா. பம்ப் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று குரங்கின் கடைக்கு நடந்தாள்.

"சிங்காரி வாங்கினதைவிடச் சின்னதா ஒண்ணு கொடு!"

"எத்தனை பேருக்குக் கஞ்சி காய்ச்சணும்கா? தங்குற இடத்துல காத்து எப்படி?" என்று கேட்டது குரங்கு.

"அதெல்லாம் உனக்கெதுக்கு? அவளோடதைவிடச் சின்னதா இருக்கணும். அவ்வளவுதான்!"

குரங்கு தலையைச் சொறிந்தது. பம்ப் ஸ்டவ்வை வாங்கிக்கொண்டு, அதற்குப் பதிலாக எலுமிச்சம்பழம் அளவில் ஓர் அடுப்பைக் கொடுத்தது.

பூவாத்தா அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டே குட்டிகளோடு மலையேறினாள். சிங்காரி பார்க்க வேண்டுமே!

"அட, இதையும் வாங்கிட்டீங்களாக்கா!" என்றாள் சிங்காரி.

பூவாத்தாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவள் வயிறும் எரியட்டும், நன்றாக எரியட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பொழுது சாயும் நேரம் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மொட்டைப் பாறை. ஒரு சுள்ளிகூடக் கிடையாது. காற்றோ ஆளையே தள்ளியது. குட்டிகள் பசியில் சிணுங்கின.

பூவாத்தா புது அடுப்பின் மேல் தன் பெரிய சட்டியை வைத்தாள். அடுப்பின் கால்கள் மடங்கின. சட்டி கவிழ்ந்தது. இருந்த தினையெல்லாம் பாறையிடுக்கில் போய்விட்டது!

அதற்குள் சிங்காரி ஓடி வந்தாள். "அக்கா, என் அடுப்பு காத்துல நிக்க மாட்டேங்குது. உங்க பம்ப் ஸ்டவ்வை எடுங்க, என் தினையைப் போட்டு எல்லாருக்கும் காய்ச்சிடலாம்!"

"அதை... கடையில கொடுத்துட்டேன்."

"ஐயையோ! அதை நம்பித்தானே நான் இந்தச் சின்னதைத் தூக்கிட்டு வந்தேன்! எந்தக் காத்துக்கும் அணையாதே அது! அப்படியொண்ணு எனக்கில்லையேன்னு எத்தனை நாள் பொறாமைப்பட்டிருக்கேன் தெரியுமா!"

குட்டிகள் வெடவெடவென்று நடுங்கின. கீழே மரங்களுக்குள் இறங்கினால்தான் குளிர் விடும். இருட்டில் தெரியாத அந்தப் பக்கம் இறங்க முடியாமல், இருவரும் வந்த வழியே திரும்பினார்கள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது.

முதுகில் இருந்த குட்டி கேட்டது: "பலாப்பழம் இந்தப் பக்கமாம்மா இருக்கு?"

பூவாத்தா மழைக்குள் இறங்கிக்கொண்டே இருந்தாள்.

அடுத்தவர் கையைப் பார்த்துப் பொருள் வாங்குகிறவர்கள், தங்கள் பிள்ளைகளின் வயிற்றைப் பார்க்க மறந்துபோவார்கள்.