இரண்டு கரையிலும் ஒரே குரல்

முன்பொரு சமயம் ஒரு சுண்டெலியின் வயிற்றுக்குள் கரு ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. அதற்கு முகமும் இல்லை, வாலும் இல்லை. நடுவில் மட்டும் ஒரு சின்னக் குழி, அதில் கொஞ்சம் நீர்.

குழியின் தரையில் குற்றிழைகள் இருந்தன. செல்லிலிருந்து முளைத்த மெல்லிய நூல்கள் அவை. ஓயாமல் ஒரே திசையில் சுழன்று நீரை ஒரு கரைக்குத் தள்ளுவது அவற்றின் வேலை. நீர் வந்து மோதும் கரையில் நோடல் என்ற மரபணு விழித்துக்கொண்டு, "இதயமே, இதுதான் உன் இடது" என்று குரல் கொடுக்க வேண்டும். எந்தப் பக்கம் வளைவது என்று தெரியாமல் நேரான குழாயாகக் கிடந்த இதயம் அந்தக் குரலுக்காகத்தான் காத்திருந்தது.

குற்றிழைகளில் மூத்தவள் சுழலி. உழைப்பும் அதிகம், கோபமும் அதிகம். நோடல் பக்கத்துச் செல்களிடம் பீற்றிக்கொண்டது அவள் காதில் விழுந்தது.

"இந்தக் கருவுக்கு இடது வலது சொல்றதே நான்தான். கீழ இருக்குதுங்களே, அதுங்க சும்மா சுத்திக்கிட்டுக் கிடக்குதுங்க."

சுழலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூச்சுவிடாமல் உழைத்தது இந்தப் பேச்சைக் கேட்கத்தானா?

"யாரும் சுத்தாதீங்கடி," என்றாள்.

"இதயம் வளையற நேரம்க்கா," என்றாள் ஒருத்தி.

"வளையட்டும். அதான் அந்த நோடல் இருக்காரே, அவரு சொல்லுவாரு."

எல்லாரும் நின்றார்கள். நீரும் நின்றது. சுழலிக்கு மனசு குளிர்ந்தது.

நீர் வராமல் நோடல் திகைத்தது. தெரியவில்லை என்று சொல்ல அதற்கு வாய் வரவில்லை. "இதுதான் இடது" என்று அடித்துச் சொல்லிவிட்டது. எதிர்க்கரையிலிருந்தும் அதே குரல், அதே திமிரோடு, "இதுதான் இடது" என்றது. எல்லாச் செல்லிலும் இருப்பது அதே மரபணுதானே. நீர் இந்தக் கரைக்கு ஓடிவரும்வரைதான் எதிர்க்கரையின் வாய் அடைபட்டிருக்கும். ஓட்டம் நின்றதும் இரண்டும் கத்தின, இரண்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

இதயம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுபட்டு முறுக்கிக்கொண்டது. இரத்தக் குழாய்கள் இடம் மாறி ஒட்டின.

சுழலி பதறிப்போய்ச் சுற்றினாள். மற்றவர்களும் சுற்றினார்கள். நீர் ஓடியது. அதற்குள் இதயம் அப்படியே இறுகிவிட்டது.

"நீ வாயை அடக்கியிருந்தா இது நடந்திருக்குமா?" என்று சுழலி சீறினாள்.

"வேலையை நிறுத்தினது நீயா, நானா?" என்று நோடல் எகிறியது.

வெட்கங்கெட்ட சண்டை. இரண்டில் ஒன்றுகூட இதயத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது கோணலாக ஒருமுறை துடித்துப் பார்த்தது. வலித்தது.

"தப்பு யாரு மேலன்னு நீங்களே பேசித் தீர்த்துக்குங்க," என்றது இதயம். "இந்தக் கோணலை வச்சுக்கிட்டுத் துடிக்க வேண்டியது நான்."