கைராசி எலுமிச்சை

கடலோரத் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தது. எலுமிச்சைக் கன்றுகளின் இலை நுனியெல்லாம் கருகியது. முதலாளி தாணுலிங்கம், தண்ணீர் ஊற்றும் மாடத்தி மேல் பாய்ந்தார்.

"உன் கைக்கு ராசி கிடையாது. கன்று தேறலைன்னா குடிசையைக் காலி பண்ணு!"

"அப்போ தெற்கு வரிசைக்கு உங்க ராசிக் கையால ஊத்துங்க முதலாளி. வடக்கை எனக்கு விடுங்க."

அதே கிணறு, அதே தண்ணீர். மாடத்தி மட்டும் உரக்கடையில் கேட்டு ஜிப்சம் வாங்கி, தன் வரிசை மண்ணில் கலந்து கொத்திவிட்டாள். உப்பின் கடுப்பைத் தணிக்கும் சுண்ணாம்புச் சத்து அதில் உண்டு. ஆனாலும் மனம் நிலைகொள்ளாமல் விடிந்ததும் ஓடிவந்து இலையைத் தடவிப் பார்ப்பாள். வடக்கு தளிர்த்தது, தெற்கு சருகானது.

தோட்டம் பார்க்கச் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். முதலாளி பச்சை வரிசையைக் காட்டி, "எல்லாம் என் கைராசி!" என்றார்.

மாடத்தி கும்பிட்டாள். "ஆமா முதலாளி, கருகினதுதான் என் வரிசை. ராசி கெட்டவ இப்பவே காலி பண்ணிருதேன். இனி எல்லாத்துக்கும் நீங்களே ஊத்துங்க."

சொல்லிவிட்டு நடந்தாள். முதலாளி பதறிவிட்டார்.

"ஏட்டி, நில்லு! என்னத்தைப் போட்டு வளத்தே, அதைச் சொல்லிட்டுப் போ!"

சம்பந்தியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"என்ன அவசரம் முதலாளி? இங்கேதானே குடியிருக்கப் போறேன், மெதுவாச் சொல்லுதேன்" என்றாள் மாடத்தி.